இழுவை டீசல் பிக்கப்புக்கு ரீபில்ட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

பாரமான ட்ரெய்லர் இழுக்கும் டீசல் பிக்கப்புகள் பலவற்றில், எஞ்சினுக்கு முன்னாலேயே களைத்துப்போவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான். எஞ்சின் இன்னும் பல வருடம் ஓடும் நிலையில் இருக்கும். கியர்பாக்ஸ் மட்டும் மூன்றாவது கியரில் வழுக்கும், அல்லது ஓவர்டிரைவே, அதாவது நெடுஞ்சாலை வேகத்துக்கான மேல் கியரே, விழாது. வண்டியை விற்கவும் மனசு வராது. அந்த நேரத்தில் எல்லோரும் சொல்லும் வழி, "ரீபில்ட் கியர்பாக்ஸ் ஒன்று வாங்கிப் போட்டுவிடு" என்பது. அதாவது, பிரித்துத் தேய்ந்ததை மாற்றித் திரும்பக் கட்டிய கியர்பாக்ஸ்.

வழி சரிதான். ஆனால் கழுவி, பெயிண்ட் அடித்து, பெட்டியில் வந்து இறங்கும் இரண்டு ரீபில்ட் கியர்பாக்ஸ்கள் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றில் சீலும் கிளட்ச் பிளேட்டும் மட்டும் மாறியிருக்கும். இன்னொன்றில் தேயக்கூடிய ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பார்த்து, தேவையானதை மாற்றியிருப்பார்கள். விலைப் பட்டியலைப் பார்த்து இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு வேண்டிய அளவு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்வோம். எனக்கு இதில் உறுதியாகத் தோன்றுவது ஒன்று உண்டு: பழைய கியர்பாக்ஸ் எதனால் கெட்டது என்று தெரியாமல் புதிதாக எதையும் வாங்கக் கூடாது. மற்ற முடிவுகள் எல்லாம் அந்தப் பதிலிலிருந்துதான் வருகின்றன.

உள்ளே நடப்பது

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. மேனுவல் வண்டியில் கிளட்ச் செய்யும் வேலையை இங்கே ஆயில் செய்கிறது. எஞ்சின் பக்கத்து இறக்கைகள் ஆயிலை வீசுகின்றன. அந்த வேகத்தில் கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கைகள் சுழல்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஸ்டேட்டர் என்ற ஒரு பாகம், திரும்பி வரும் ஆயிலின் திசையை மாற்றிவிடுகிறது. அதனால் வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் எஞ்சினின் முறுக்குவிசை, அதாவது டார்க், ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது. பாரத்தோடு கிளம்பும்போது இது பெரிய வரம். ஆனால் ஆயில் வழியாக வேலை நடக்கும்வரை இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் சுற்றாது. அந்த வழுக்கல் முழுவதும் சூடாக மாறி ஆயிலில் இறங்குகிறது. இதைத் தவிர்க்கத்தான் கன்வர்ட்டருக்குள்ளேயே லாக்அப் கிளட்ச் ஒன்று வைத்திருக்கிறார்கள். வேகம் பிடித்த பிறகு அது இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்து ஒன்றாகச் சுழலவைக்கும். வழுக்கல் நின்றுவிடும், சூடும் நின்றுவிடும்.

கன்வர்ட்டருக்குப் பின்னால் பம்ப். அது எஞ்சின் வேகத்திலேயே சுற்றி, ஆயிலை அழுத்தத்தோடு அனுப்புகிறது. அந்த அழுத்தத்தை எந்தக் கிளட்சுக்கு, எப்போது, எவ்வளவு அனுப்புவது என்று பிரித்துவிடுவது வால்வ் பாடி. அழுத்தம் போய்ச் சேர்ந்த இடத்தில், உராய்வுப் பூச்சு ஒட்டிய பிளேட்டுகளும் வெறும் ஸ்டீல் பிளேட்டுகளும் மாறி மாறி அடுக்கிய கிளட்ச் பேக் இறுகும். எந்தப் பேக் இறுகுகிறதோ அதைப் பொறுத்து, கிரகப்பல் சக்கரத் தொகுதியின் ஒரு பகுதி நிற்கும், இன்னொன்று சுழலும். அதுதான் கியர்.

ஆக, இந்தப் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் இருந்தாலும், சக்தியைத் தாங்கிப் பிடித்திருப்பது ஆயில் அழுத்தமும் உராய்வும்தான். இழுவை வண்டியில் பல் உடைவதை விட, அழுத்தம் குறைந்து பிளேட் வழுக்கிக் கருகுவதுதான் அதிகம்.

டீசலும் பாரமும் சேர்ந்தால்

பெட்ரோல் எஞ்சின் தன் சக்தியைக் காட்ட வேகமாகச் சுற்ற வேண்டும். டீசல், நிமிடத்துக்கு 1,600 சுற்று அளவிலேயே தன் உச்ச டார்க்கைக் கொடுத்துவிடும். இதில்தான் சிக்கல். பம்ப் எஞ்சின் வேகத்தில் சுற்றுகிறது என்று சொன்னேன் அல்லவா? டீசல் மெதுவாகச் சுற்றும்போது பம்ப் அனுப்பும் ஆயிலின் அளவும் குறைவு. ஆனால் கிளட்ச் பேக் தாங்க வேண்டிய டார்க் அந்த நேரத்தில்தான் உச்சத்தில் இருக்கிறது. பம்பிலோ வால்வ் பாடியிலோ கொஞ்சம் கசிவு இருந்தாலும், வேகமாகச் சுற்றும் பெட்ரோல் எஞ்சின் அதைச் சமாளித்துவிடும், டீசல் சமாளிக்காது. ஆயில் சூடாகி நீர்த்துப்போனால் கசிவு இன்னும் கூடும். மேட்டில் ஏறும்போது மட்டும் வழுக்குகிறது, காலையில் நன்றாக இருக்கிறது என்று பலர் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

டார்க் எவ்வளவு ஏறிவிட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1994-இல் டாட்ஜ் ராம் பிக்கப்பில் ஆட்டோமேட்டிக்கோடு வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினின் டார்க் 400 பவுண்டு-அடி. 2004-இன் பின்பாதியில் அது 600 ஆனது. 2019-இல் ராம் 3500-இல் வந்த 6.7 லிட்டர் ஹை அவுட்புட் கம்மின்ஸ் 1,000 பவுண்டு-அடியைத் தொட்டது. அதாவது சுமார் 1,356 நியூட்டன் மீட்டர். அந்த எஞ்சினுக்குப் பின்னால் ராம் கம்பெனி ஐசின் AS69RC என்ற கியர்பாக்ஸை வைத்தது. 850 பவுண்டு-அடி கொடுக்கும் சாதாரண 6.7-க்குத்தான் 68RFE என்ற கியர்பாக்ஸ். ஒரே கம்பெனி, ஒரே வருடம், ஒரே அளவு எஞ்சின். டார்க் மாறியவுடன் கியர்பாக்ஸும் மாறிவிட்டது. நாம் ரீபில்ட் வாங்கும்போதும் இதே கணக்கைத்தான் போட வேண்டும்.

சூடு என்ற எதிரி

ஒரு சின்னக் கணக்கு. எஞ்சின் 100 கிலோவாட் சக்தியோடு மேட்டில் இழுத்துக்கொண்டிருக்கிறது, லாக்அப் விழவில்லை, கன்வர்ட்டரில் 10 சதவீதம் வழுக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 10 கிலோவாட் சூடு நேராக ஆயிலுக்குப் போகிறது. அந்த ஏற்றம் முடியும்வரை, நிற்காமல். கூலர் அதை வெளியேற்ற முடியாவிட்டால் வெப்பம் ஏறிக்கொண்டே போகும்.

பாரம் இல்லாமல் ஓடும்போது ஆயில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது. 105-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். 120-ஐத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் ஆயில் தன் குணத்தை வேகமாக இழக்கும். சீல்கள் இறுகத் தொடங்கும். இன்னும் மேலே போனால் பிளேட்டின் பூச்சே கருகிவிடும். வெப்பம் ஒவ்வொரு 11 டிகிரி கூடும்போதும் ஆயிலின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் கையில் வைத்திருக்கும் கணக்கு. துல்லியமான விதி இல்லை, ஆனால் திசை சரி.

வெப்பமானி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் தட்டான ஆயில் பேனில் அளந்தால் நிதானமான எண் வரும். கன்வர்ட்டரிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில் அளந்தால், அதே நேரத்தில் அதைவிடப் பல டிகிரி அதிகம் காட்டும். இரண்டு பேர் தங்கள் வண்டியின் வெப்பத்தை ஒப்பிட்டுப் பேசும்போது இதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்குவதற்கு முன்: உண்மையிலேயே கியர்பாக்ஸா?

கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் வெளியே இருக்கும் காரணங்களை எல்லாம் பார்த்து முடித்துவிட வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் 1996 முதல் 2002 வரை டாட்ஜ் கம்மின்ஸ் பிக்கப்பில் வந்த 47RE கியர்பாக்ஸ். நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது லாக்அப் விழுந்து விழுந்து விடுபடும். ஓட்டுபவருக்கு வண்டி தயங்குவது போல இருக்கும். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று நினைப்பார். பல முறை காரணம் ஆல்டர்னேட்டரில் கெட்டுப்போன டயோடாக இருக்கும். அது கிளப்பும் மின் சலசலப்பு, த்ராட்டில் சென்சாரின் சிக்னலைக் கெடுத்து, கம்ப்யூட்டரைக் குழப்பிவிடும். இந்த நிலையில் புது கியர்பாக்ஸ் போட்டால் புதியதும் அதே ஆட்டத்தை ஆடும்.

அதனால் ஆயில் அளவு, அதன் வாசனை, கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகள், த்ராட்டில் சென்சார், பேட்டரி மற்றும் கிரவுண்ட் இணைப்புகள், கூலர் குழாய்கள் எல்லாவற்றையும் பார்த்த பிறகு பேனைக் கழற்றுங்கள். அதற்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மெல்லிசாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம். கறுப்புத் துகளும் கருகிய வாசனையும் இருந்தால் பிளேட் எரிந்திருக்கிறது. மஞ்சள் உலோகத் துகள் இருந்தால் புஷ்ஷோ த்ரஸ்ட் வாஷரோ தேய்ந்திருக்கிறது. ஸ்டீல் துண்டுகள் கிடந்தால் பேரிங் அல்லது பல்.

கழற்றிய பிறகும் விடாதீர்கள். "எந்தப் பேக் எரிந்திருக்கிறது, ஏன் எரிந்தது?" என்று கேளுங்கள். ஓவர்டிரைவ் பேக் மட்டும் எரிந்திருந்தால் ஒரு காரணம் இருக்கும்; எல்லாமே ஒரே மாதிரி கருகியிருந்தால் சூடோ பம்போதான் குற்றவாளி. கூலர் அடைத்துப் போனதால் செத்த கியர்பாக்ஸுக்குப் பதிலாக எவ்வளவு உயர்ந்த ரீபில்ட்டைப் போட்டாலும், கூலர் அடைப்பு அப்படியே இருக்கும்.

மூன்று வகை

சந்தையில் கிடைப்பதை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, விபத்தில் போன வண்டியிலிருந்து கழற்றிய பழைய கியர்பாக்ஸ். விலை குறைவு, உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பாரம் இழுக்கும் வண்டிக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, ஒரு பட்டறையில் ஒருவர் உட்கார்ந்து பிரித்துக் கட்டியது. பல நேரம் உங்களுடைய கியர்பாக்ஸையே திரும்பக் கட்டித் தருவார்கள். கட்டுபவரின் கை எப்படியோ அப்படித்தான் தரமும் இருக்கும். நல்ல கை கிடைத்தால் இதைவிடச் சிறந்தது இல்லை. உங்கள் பழைய பெட்டி எதனால் கெட்டது என்று அவர் கண்ணால் பார்த்திருப்பார், அதற்கேற்ப மாற்றவும் முடியும்.

மூன்றாவது, தொழிற்சாலை முறையில் மொத்தமாகப் பிரித்து, ஒரே அளவுகோலில் கட்டி, டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்த்து அனுப்புவது. தரம் சீராக இருக்கும், கையில் உடனே கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் கம்பெனி நிலைக்கே கட்டியிருப்பார்கள். உங்கள் வண்டியின் டார்க்கைக் கூட்டியிருந்தால் அது போதாது.

மூன்றாவது வகையிலும், உங்களுடையதைக் கட்டாமல் வேறு பெட்டி தரும் இரண்டாவது வகையிலும், பழைய கியர்பாக்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு தொகையை டெபாசிட்டாகப் பிடித்துக்கொள்வார்கள். பழையதன் கூடு உடைந்திருந்தால் அந்தத் தொகை முழுதாகத் திரும்பாது. இதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள்

முதல் கேள்வி வால்வ் பாடியைப் பற்றி இருக்க வேண்டும். பெரும்பாலோர் கிளட்ச் பிளேட்டைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் பிளேட் தானாக எரிவதில்லை. அழுத்தம் போதாமல்தான் எரிகிறது. வால்வ் பாடி அலுமினியம், அதன் துளைகளுக்குள் ஓடும் வால்வுகள் பெரும்பாலும் அதைவிடக் கடினமானவை. வருடக்கணக்கில் முன்னும் பின்னும் ஓடி, அலுமினியத் துளை தேய்ந்து அகன்றுவிடும். ஆயில் அந்த இடைவெளியில் நழுவிப் போகும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் நல்ல பட்டறைகளில் ஒவ்வொரு துளையிலும் வேக்யூம் வைத்துச் சோதிக்கிறார்கள். காற்று எவ்வளவு கசிகிறது என்பதிலிருந்து தேய்மானம் தெரிந்துவிடும். தேய்ந்த துளையைப் பெரிதாக்கி ஸ்லீவோ பெரிய வால்வோ போடுவார்கள், அல்லது வால்வ் பாடியையே மாற்றுவார்கள். "வால்வ் பாடியைக் கழுவிவிட்டோம்" என்பது மட்டுமே பதிலாக வந்தால், அந்த இடத்தில் வாங்க வேண்டாம். 68RFE-இல் இது இன்னும் முக்கியம். அதன் வால்வ் பாடியில் ஒரு வழியிலிருந்து இன்னொரு வழிக்கு ஆயில் கசிவது தெரிந்த பலவீனம். பாரம் இழுக்கும் வண்டிகளில் ஓவர்டிரைவ் பேக் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது டார்க் கன்வர்ட்டர். இது கியர்பாக்ஸோடு சேர்ந்து வருகிறதா, தனியா என்று கேளுங்கள். பழைய கன்வர்ட்டரைத் திரும்பப் போடவே கூடாது. வெல்டிங்கால் மூடிய பாகம் அது. உள்ளே போன துகளை வெளியிலிருந்து கழுவி எடுக்க முடியாது. முறையாக ரீபில்ட் செய்வதென்றால் அதை லேத்தில் வெட்டித் திறந்து, கழுவி, லாக்அப் பூச்சை மாற்றி, மறுபடி வெல்ட் செய்து, கசிவும் பேலன்ஸும் பார்க்க வேண்டும்.

கன்வர்ட்டரில் ஸ்டால் வேகம் என்று ஒன்று சொல்வார்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்து முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் எந்த வேகத்தில் போய் நிற்கிறதோ அது. டீசல் இழுவைக்கு அது பெரும்பாலும் 2,000-க்குக் கீழே இருக்கும். எண் அதிகமானால் கன்வர்ட்டர் தளர்வாக இருக்கிறது. பாரத்தோடு கிளம்பும்போது வழுக்கலும் சூடும் கூடும். மிகக் குறைந்தால் டர்போ வேகம் பிடிப்பதற்குள் எஞ்சின் திணறும், கறுப்புப் புகை தள்ளும். உங்கள் எஞ்சினையும் டர்போவையும் சொல்லி, அதற்கு ஏற்ற எண்ணைக் கேளுங்கள்.

லாக்அப் கிளட்சில் ஒற்றை டிஸ்க், மூன்று டிஸ்க் என்று வகைகள் உண்டு. டார்க்கைக் கூட்டிய வண்டிகளில் மூன்று டிஸ்க் தேவைப்படும். ஆனால் கம்பெனி அளவிலேயே எஞ்சினை வைத்திருந்து, சரியான அழுத்தமும் வருகிறதென்றால், நல்ல ஒற்றை டிஸ்க் போதும். மூன்று டிஸ்க் கன்வர்ட்டர்கள் பலவற்றில் லாக்அப் விழும்போது ஒரு உதை தெரியும். தினமும் ஓட்டும் வண்டியில் அது எரிச்சலாக இருக்கலாம்.

கிளட்ச் பிளேட் விஷயத்தில் ஒரு விளம்பரத்துக்கு மயங்க வேண்டாம். "பேக்கில் கூடுதல் பிளேட் வைத்திருக்கிறோம்" என்பார்கள். பிளேட் கூடினால் பிடிக்கும் சக்தி கூடும், உண்மைதான். ஆனால் கூட்டின் நீளம் மாறாது. கூடுதல் பிளேட்டுக்கு இடம் பிடிக்க ஸ்டீல் பிளேட்டுகளை மெல்லிசாக்கியிருந்தால், அவை சூட்டை உள்வாங்கும் திறன் குறைந்துவிடும். அடிகனமான பாத்திரத்தில் சட்டென்று அடிப்பிடிக்காது, மெல்லிய பாத்திரத்தில் பிடித்துவிடும்; இங்கே நடப்பதும் அதுவே. நீண்ட ஏற்றத்தில் கியர் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தச் சூட்டை ஸ்டீல்தான் முதலில் வாங்கிக்கொள்கிறது. எத்தனை பிளேட் என்பதோடு ஸ்டீலின் தடிமனையும் கேளுங்கள். கட்டும்போது பேக்கின் இடைவெளியை அளந்து குறித்து வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் மற்ற வேலைகளையும் கவனமாகச் செய்வார்கள் என்பது என் நம்பிக்கை.

சோலனாய்டு (மின்சாரத்தால் ஆயில் வழியைத் திறந்து மூடும் பாகம்), அழுத்த சென்சார், பம்பின் கியர் இடைவெளி, புஷ்கள், சீலிங் ரிங்குகள் எல்லாம் இதே வரிசைதான். மின்பாகங்களைப் பழையதே போட்டு அனுப்புகிறவர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு பலம் தேவை?

இதில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். ரேஸ் வண்டிக்குக் கட்டிய கியர்பாக்ஸ் இழுவைக்கும் நல்லது என்று நினைக்கிறார்கள். ரேஸில் சில வினாடிகள் பெரும் டார்க். இழுவையில் மணிக்கணக்கில் நடுத்தர டார்க், அதோடு சூடு. இரண்டும் வேறு வேறு வேலை. லைன் பிரஷர், அதாவது பெட்டிக்குள் கிளட்சை இறுக்கும் ஆயில் அழுத்தம், மிக அதிகமாக இருந்தால் கியர் மாறும்போது வண்டியே குலுங்கும். அந்த அதிர்ச்சி ஷாஃப்டையும் ஆக்ஸிலையும் போய் அடிக்கும். ஒரு இடத்தைப் பலப்படுத்தினால் பாரம் அடுத்த பலவீனமான இடத்துக்கு நகரும். வழுக்காத கன்வர்ட்டரைப் போட்டு, எஞ்சினையும் கூட்டிவிட்டால், முன்பு வழுக்கலால் தப்பித்த இன்புட் ஷாஃப்ட், அதாவது கன்வர்ட்டரிலிருந்து சக்தியை உள்ளே கொண்டுபோகும் தண்டு, முறியலாம். அதனால்தான் உயர்ந்த டார்க்குக்குக் கட்டும்போது கன்வர்ட்டரையும் ஷாஃப்டையும் சேர்த்தே பேசுகிறார்கள். எஞ்சின் கம்பெனி நிலையில் இருந்தால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நல்ல வால்வ் பாடி, நல்ல கன்வர்ட்டர், அளவாகக் கூட்டிய அழுத்தம், பெரிய கூலர்: இந்த நான்குக்குப் பணத்தைப் போடுங்கள்.

கட்டுபவரிடம் உங்கள் தேவையை எண்ணாகச் சொல்லுங்கள். வண்டியும் ட்ரெய்லரும் சரக்கும் சேர்ந்து எடைமேடையில் எவ்வளவு, சமவெளியா மலைப்பாதையா, ஆக்ஸில் ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டிரைவ் ஷாஃப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற எண்) என்ன, டயர் என்ன அளவு என்று எல்லாவற்றையும். டயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 31.6 அங்குல டயர் இருந்த இடத்தில் 35 அங்குலம் மாட்டினால், 3.73 ஆக்ஸில் சுமார் 3.37 போல நடந்துகொள்ளும். கிளம்பும்போது கன்வர்ட்டர் அந்த வித்தியாசத்தை வழுக்கலால் ஈடுகட்டும். முதல் கியரின் ரேஷியோவும் இதே கணக்கில் வரும். 47RE-இல் முதல் கியர் 2.45, ஜி.எம். பிக்கப்புகளில் வந்த அலிசன் 1000-இல் 3.10, 2011-இல் ஃபோர்டு கொண்டுவந்த 6R140-இல் 3.97. முதல் கியர் எண் குறைவாக இருக்கும் பெட்டியில், பாரத்தோடு மேட்டில் கிளம்புவது கன்வர்ட்டருக்கு அதிக வேலை.

எஞ்சினில் சக்தியைக் கூட்டும் ட்யூன் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மறைத்தால் தவறான பெட்டி வரும், வாரண்டியும் போகும்.

எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். இறக்கத்தில் ட்ரெய்லரின் பாரம் சக்கரம் வழியாகக் கியர்பாக்ஸுக்கு வந்து, லாக்அப் கிளட்ச் வழியாக எஞ்சினைச் சுற்றவைக்கிறது. எக்ஸாஸ்ட் பிரேக் அந்தச் சுழற்சியைத் தடுக்கிறது. அந்த முழு விசையையும் லாக்அப் பிடித்து நிற்க வேண்டும். 47RE போன்ற பழைய பெட்டிகளில் உள் அழுத்தம் த்ராட்டில் கேபிளைப் பின்பற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் அழுத்தம் இறங்கிவிடும். இறக்கத்தில் கால் அதன் மேல் இருக்காது. பிடி அதிகம் தேவைப்படும் நேரத்தில் பிடி குறைகிறது. இந்த வகைப் பெட்டிக்கு, காலை எடுத்தாலும் அழுத்தம் விழாதபடி மாற்றிய வால்வ் பாடியும், லாக்அப்பைப் பிடித்து வைக்கும் கட்டுப்பாடும் வேண்டும். இல்லாமல் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டால் ஏற்றத்தில் தப்பித்த கன்வர்ட்டர் இறக்கத்தில் போய்விடும். அலிசன், ஃபோர்டின் டார்க்‌ஷிஃப்ட் போன்றவற்றில் கம்ப்யூட்டரே அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவதால் இந்தக் கவலை குறைவு.

பொருந்துமா?

எஞ்சின் பெயரும் வருடமும் மட்டும் சொல்லி ஆர்டர் செய்யாதீர்கள். டூ வீல் டிரைவுக்கும் ஃபோர் வீல் டிரைவுக்கும் பின்பக்க ஷாஃப்ட் வேறு. பி.டி.ஓ. (வேறு கருவிகளை ஓட்டக் கியர்பாக்ஸிலிருந்து சக்தி எடுக்கும் இணைப்பு) உள்ளது, இல்லாதது என்று வேறுபாடு உண்டு. மின் கனெக்டரும் சென்சாரும் வருடத்துக்கு வருடம் மாறியிருக்கும். அலிசன் 1000, ஜி.எம். பிக்கப்பில் 2001-இல் ஐந்து கியரோடு வந்தது. 2006 மாடலில் ஆறு கியர் ஆனது. பெயர் ஒன்றுதான், ஆனால் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் அப்படியே மாட்டிவிட முடியாது. பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் அடையாள எண்ணைப் படம் எடுத்து அனுப்பி, அதை வைத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள்.

வாரண்டியில் மாதமும் கிலோமீட்டரும் பெரிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது சின்ன எழுத்தை. கழற்றி மாட்டும் கூலி அடங்குமா, பாகம் மட்டுமா? அனுப்பும் செலவு யாருடையது? பாரம் இழுப்பதும், வாடகைக்கு ஓட்டுவதும் விலக்கா? இழுவை வண்டிக்கு வாங்கும் கியர்பாக்ஸில் இழுவைக்கு வாரண்டி இல்லை என்றால் அதை வாங்கிப் பயனில்லை. கூலரைக் கழுவியதற்கோ மாற்றியதற்கோ ரசீது கேட்பார்கள். அது நியாயமான நிபந்தனை.

மாட்டும்போது

கூலரைப் பற்றி நான் கொஞ்சம் பிடிவாதமாகவே சொல்கிறேன். பழைய கியர்பாக்ஸ் எரிந்தபோது அதன் துகள் எல்லாம் கூலருக்குள்தான் போய்ச் சேர்ந்திருக்கும். கூலரின் மெல்லிய வழிகளில் சிக்கியதை முழுதாக வெளியேற்றுவது கடினம். புதிய பெட்டியை மாட்டி ஓட்டியதும் சூடான ஆயில் அந்தத் துகளை அடித்துக்கொண்டு புதிய பெட்டிக்குள் வரும். உலோகத் துகள் பேனில் கிடந்திருந்தால், கழுவுவதை விடக் கூலரை மாற்றுவதே நல்லது. பழைய 5.9 கம்மின்ஸில் எஞ்சினின் பக்கத்தில் தண்ணீரால் குளிரும் இன்னொரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கிறது. முன்னால் இருக்கும் கூலரை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். திரும்பி வரும் குழாயில் ஒரு சின்ன ஃபில்டரைச் சேர்த்துவிடுவது குறைந்த செலவில் நல்ல காவல்.

கன்வர்ட்டரைப் பம்பில் முழுதாக உட்காரவைத்த பிறகுதான் பெட்டியை எஞ்சினோடு சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு கன்வர்ட்டர் கையால் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (எஞ்சினின் பின்பக்கம் கன்வர்ட்டர் மாட்டும் தட்டு) அதற்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளி இல்லாமல் போல்ட்டை முறுக்கி இழுத்தால், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பம்ப் உடைந்துவிடும்.

ஆயில் வகையில் சமரசம் வேண்டாம். 47RE, அதற்கு அடுத்து வந்த 48RE, 68RFE மூன்றுக்கும் ஏடிஎஃப் பிளஸ் ஃபோர். ஃபோர்டு 6R140-க்கு மெர்கான் எல்.வி. ஐசினுக்குத் தனி ஆயில். அளவு பார்க்கும் முறையும் பெட்டிக்குப் பெட்டி மாறும். 47RE, 48RE இரண்டிலும் கியரை பார்க்கில் வைத்தால் கன்வர்ட்டருக்கு ஆயில் போகாது. அதனால் நியூட்ரலில் வைத்து, ஆயில் சூடான பிறகுதான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் பெட்டிகளில், பழைய தேய்ந்த கிளட்சுக்குப் பழகிய கணக்கை அழித்து, புதிதாகக் கற்றுக்கொள்ள வைக்கவும் வேண்டும். ஸ்கேனர் இல்லாத இடத்தில் இந்த வேலையை விட்டுவிடுவார்கள். அப்புறம் கியர் மாறுவது சரியில்லை என்று பெட்டியைக் குறை சொல்வார்கள்.

முதல் 800 கிலோமீட்டர் ட்ரெய்லர் மாட்டாமல், ஒரே வேகத்தில் ஓட்டாமல், கியர் அடிக்கடி மாறும்படி ஓட்டுங்கள். அதன் பிறகு பேனைக் கழற்றி, ஃபில்டரை மாற்றி, காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் களிம்பு கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. முதல் முறை பாரம் இழுக்கும்போது டோ-ஹால் பட்டனை (இழுவைக்கு ஏற்றபடி கியர் மாற்றும் அமைப்பு) போட்டு, வெப்பமானியில் ஒரு கண் வையுங்கள். ஏற்றத்தில் 110 டிகிரியைத் தாண்டிப் போனால் ஒரு கியர் குறைத்து, லாக்அப் விழும் வேகத்தில் வைத்து ஏறுங்கள். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிடுங்கள். கூலர் வழியாக ஆயில் ஓடி, சில நிமிடங்களில் முள் கீழே வர வேண்டும். வராவிட்டால் கூலர் குழாயிலோ, சில வண்டிகளில் அந்தக் குழாயில் இருக்கும் தெர்மோஸ்டாட் வால்விலோ அடைப்பு இருக்கிறது. அன்றைய இழுவையை அங்கேயே நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.